அண்ணன் இன்னும் படிக்கிறான்

சித்தப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் சம்பந்தமாக வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் மறுநாள் காலை டீக்கடையில் எனக்கு விசாரணை உண்டு. போன வாரம் வந்தது ஒரு வீடியோ. செய்தித்தாள் அச்சடிப்பதுபோல ஒரு மெஷினில் பிளாஸ்டிக் சுருள் ஓடுகிறது. ஒரு பக்கம் வெறும் தாளாக உள்ளே போகிறது, மறுபக்கம் சோலார் தாளாக வெளியே வருகிறது. இனி கண்ணாடிப் பலகையே வேண்டாம், போஸ்டர் மாதிரி ஒட்டினால் போதும், கரண்ட் கொட்டும் என்று பின்னணியில் ஒரு குரல்.

“இது நிஜமாப்பா, இல்ல வழக்கமான கதையா? மாடியில பேனல் போடலாம்னு இருக்கேன். இது வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?”

“நிஜந்தான் சித்தப்பா. ஆனா பொறுக்க வேண்டாம்.”

“நிஜம்ங்கிற, பொறுக்க வேண்டாம்ங்கிற. புரியும்படியா சொல்லு.” கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். எனக்கு அரைச் சர்க்கரை.

சித்தப்பாவின் போன் பெஞ்சின்மேல் கிடந்தது. அதன் திரை என்ன வகை என்று கேட்டேன். “அமோலெட்டுன்னு சொல்லித்தான் பையன் வாங்கிக் குடுத்தான்.” “அந்த வீடியோவுல ஓடுன சோலார் தாளும் இந்தத் திரையும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. சோலார்தான் மூத்தவன்” என்றேன்.

பேச்சுக்குச் சொன்ன உறவு அல்ல இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், பிலிம் சுருளுக்குப் பேர்போன கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சிங் டாங் என்ற வேதியியலாளர் வேலை பார்த்தார். ஹாங்காங்கில் பிறந்தவர். 1986ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு நிறமிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து, வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார். விழுந்த ஒளியில் ஏறத்தாழ 1 சதவீதம் மின்சாரமானது. மறு ஆண்டே, 1987ல், சக ஆய்வாளர் ஸ்டீவன் வான்ஸ்லைக்குடன் இன்னொரு கட்டுரை. அதே போன்ற மெல்லிய அடுக்குகள்தான். இந்த முறை மின்சாரத்தை உள்ளே விட்டார்கள், வெளிச்சம் வெளியே வந்தது. அதுதான் ஓலெட். உங்கள் போன் திரையின் பாட்டன்.

இளையவன் இன்று கோடிக்கணக்கான சட்டைப்பைகளில் இருக்கிறான். மூத்தவன் பிறந்து கிட்டத்தட்ட 40 ஆண்டு ஆகியும் ஆய்வகத்தைத் தாண்டிப் பெரிதாக வெளியே வரவில்லை.

சித்தப்பா சிரித்தார். “தம்பி சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டான், அண்ணன் இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கான்னு சொல்லு.”

அதேதான். ஒரே அப்பா, ஒரே மாதிரிப் பொருள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இந்தத் துறையின் சிக்கல்கள் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலில் வந்துவிடும்.

முதலில் அண்ணனின் பெயர். ஆர்கானிக் சோலார் செல் என்றதும், “மருந்தடிக்காததா?” என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் கடைக்காரர். வேதியியலில் அந்தச் சொல், கரிமம் முதுகெலும்பாக உள்ள பொருள்களைக் குறிக்கும். சர்க்கரை, மண்ணெண்ணெய், பிளாஸ்டிக் பை, புடவைச் சாயம் எல்லாம் அந்தக் கணக்கு. பிளாஸ்டிக் கரண்ட் கடத்தாது என்பது சித்தப்பா வேலை பார்த்த காலம் முழுக்க நம்பி உயிர் பிழைத்த பாடம். வயரின் உறையே அதுதானே.

அந்தப் பாடத்துக்கு விலக்கு கண்டவர்கள் மூன்று பேர். டோக்கியோவில் ஹிடேகி ஷிராகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு தவறு நடந்தது. வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டதில், கறுப்புப் பொடியாக வரவேண்டிய பாலிஅசிட்டிலீன் வெள்ளிபோல மின்னும் படலமாக வந்தது. பின்னாளில் அங்கே சொற்பொழிவாற்ற வந்த ஆலன் மெக்டயர்மிடிடம் ஷிராகாவா அதைக் காட்டினார். அப்போது இருவரும் கிரீன் டீ குடித்துக்கொண்டிருந்தோம் என்று மெக்டயர்மிட் சொல்லியிருக்கிறார். பிறகு அவர்களும் ஆலன் ஹீகரும் சேர்ந்து, 1977ல், அந்தப் படலத்தில் அயோடின் ஆவியைக் காட்டினார்கள். கடத்தும் திறன் கோடி மடங்கு உயர்ந்தது. 2000ல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

இந்த மூலக்கூறுகளில் கரிம அணுக்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதனால் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கிடக்காமல் சங்கிலி நெடுக உலவும். இப்படிப்பட்டவை ஒளியையும் நன்றாக விழுங்கும். சாயங்களுக்கு நிறம் வருவதே இதனால்தான். டாங் 1986ல் பயன்படுத்திய இரண்டில் ஒன்று காப்பர் தாலோசயனின். நீல மையிலும் நீலப் பெயின்டிலும் கலக்கிற அதே நிறமி.

கூரைப் பேனலில் இருக்கும் சிலிக்கான் ஒளியை விழுங்குவதில் கொஞ்சம் மந்தம். நூற்றைம்பது மைக்ரோமீட்டர் அளவுக்காவது தடிமன் வேண்டும். கரிமப் பொருளுக்கு 100 நானோமீட்டர் போதும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலிக்கானை 1414 டிகிரியில் உருக்க வேண்டும். இதையோ கரைத்து மையாக்கிப் பூசிவிட்டு, இட்லி வேகிற சூட்டை ஒட்டிய வெப்பத்தில் காயவைத்தால் முடிந்தது. வீடியோக்காரர் சொன்னதில் பொய் இல்லை.

“பின்னே என்னதான் பிரச்சினை?”

பிரச்சினை வெளிச்சம் உள்ளே விழுந்த மறுகணம் ஆரம்பிக்கிறது. ஒளி விழுந்ததும் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடத்தில் ஒரு காலியிடம் மிஞ்சும், அதற்குத் துளை என்று பெயர். எலக்ட்ரான் எதிர்மின், துளை நேர்மின். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மின்சாரம் வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்து, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தில் கணவனும் மனைவியும் கைகோத்து நடக்கிறார்கள் என்று வையுங்கள். நெரிசலில் ஒரு இடி இடித்தால் கை நழுவிவிடும், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஆளில்லாத தெருவில் நடந்தால் யார் பிரிப்பது? சிலிக்கான் திருவிழாக் கூட்டம். உள்ளே இருக்கும் மற்ற எலக்ட்ரான்கள் குறுக்கே புகுந்து, இந்த ஜோடியின் இழுப்பை மங்கடித்துவிடும். அறை வெப்பத்தின் சாதாரண அதிர்வே இருவரையும் பிரித்துவிடும். கரிமப் பொருள் ஆளில்லாத தெரு. மின்புலத்தை மங்கடிக்கும் திறனைக் குறிக்கிற மின்காப்பு மாறிலி சிலிக்கானுக்கு ஏறத்தாழ 12, இவற்றுக்கு 3 அல்லது 4தான். அதனால் பிடி இறுகிக் கிடக்கும். அறை வெப்பம் தரும் இடியைப்போலப் பத்து இருபது மடங்கு பலமான பிடி அது. கைகோத்த இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர்.

இங்கேதான் அண்ணன் தம்பி விதி பிரிகிறது. ஓலெட்டில் நடப்பது நேர் எதிர். எலக்ட்ரானும் துளையும் வெளியிலிருந்து வந்து, உள்ளே சந்தித்துக் கைகோத்து, ஒன்றாகி ஒளியாக மாற வேண்டும். பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. தம்பிக்கு வரமாக அமைந்த குணமே அண்ணனுக்குச் சாபமாகிவிட்டது.

டாங் இதற்கு ஒரு வழி கண்டார். எலக்ட்ரானைக் கொடுக்க விரும்பும் பொருள் ஒன்று, வாங்க விரும்பும் பொருள் ஒன்று. இரண்டையும் ஒட்டவைத்தால், அந்த எல்லைக்கோட்டுக்கு வந்துசேரும் ஜோடியில் எலக்ட்ரான் அந்தப் பக்கம் தாவிவிடும், துளை இந்தப் பக்கம் நின்றுவிடும். பிடி விட்டது. ஆனால் எக்சிட்டானுக்கு ஆயுசு கம்மி. அதிகம் போனால் 10 நானோமீட்டரோ 20 நானோமீட்டரோ தட்டுத்தடுமாறி நகரும், அதற்குள் எல்லை வராவிட்டால் அணைந்துபோகும். ஒளியை விழுங்க 100 நானோமீட்டர் வேண்டும், எக்சிட்டான் நடக்கிற தூரமோ 10. எல்லையை ஒட்டிப் பிறந்தவை மட்டும் பிழைத்தன, மற்றதெல்லாம் வீண். டாங்கின் கலம் 1 சதவீதத்தில் நின்றதற்கு இது பெரிய காரணம்.

அடுக்கி வைத்தால்தானே எல்லை தூரமாகிறது, கலந்துவிட்டால்? 1995ல் ஹீகரின் கலிபோர்னியா குழுவும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குழுவும் அதைச் செய்துகாட்டின. கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே கரைசலில் கரைத்துப் பூசினார்கள். காய்ந்த படலத்தில் எங்கே பிறந்த எக்சிட்டானுக்கும் பக்கத்திலேயே ஓர் எல்லை கிடைத்தது.

“டீயும் பாலும் மாதிரியா?”

அப்படி முழுக்கக் கலந்துவிட்டால் கெட்டது. பிரிந்த எலக்ட்ரான் தன் பொருள் வழியாகவே ஒரு முனைக்குப் போக வேண்டும், துளை தன் பொருள் வழியாக மறு முனைக்கு. வாசலில் அம்மா போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடும் செம்மண் கோடும் பின்னிப் பின்னிப் போகும், ஆனால் எந்தக் கோடும் நடுவில் அறாது. கரிமக் கலத்தின் உள்ளமைப்பு அப்படி இருக்க வேண்டும். கோட்டின் அகலம் 10, 20 நானோமீட்டர். கோடு தடித்தால் எக்சிட்டான் எல்லைக்கு வராமல் சாகும். மெலிந்து அறுந்தால், பிரிந்த மின்னூட்டம் தீவில் மாட்டிக்கொள்ளும். அங்கே எதிராளியைச் சந்தித்து மறுபடி கைகோத்துவிடும்.

அம்மா போடுகிற கோலத்துக்குப் புள்ளியும் கணக்கும் உண்டு. இதைப் போடும் கை எதுவும் கிடையாது. கரைப்பான் ஆவியாகிற சில நொடிகளில் தானாக விழுகிற கோலம் இது. எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓர் அங்குலச் சதுரக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் இண்டியம் கலந்த, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு. காற்றும் ஈரமும் நுழையாத நைட்ரஜன் பெட்டிக்குள், நீண்ட ரப்பர் கையுறைகளில் கைவிட்டு, அந்தத் துண்டின்மேல் கருநீல மையை ஒரு சொட்டு விடுவார் ஆய்வு மாணவர். துண்டு நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுழலும். மை விசிறிப் பரவி, மூச்சை இழுத்து விடுவதற்குள் காய்ந்து, சாயக் கண்ணாடிபோல ஆகிவிடும். கோலம் விழுந்துவிட்டது. சரியாக விழுந்ததா என்பது வெற்றிடத்தில் வெள்ளி முனை படியவைத்து, விளக்கின் கீழே அளந்து பார்த்தால்தான் தெரியும்.

காய்கிற விதம் மாறினால் கோலம் மாறும். 2001ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் குழு ஒன்று பொருள்களை மாற்றவில்லை, கரைப்பானை மட்டும் டொலுவீனிலிருந்து குளோரோபென்சீனுக்கு மாற்றியது. திறன் 2.5 சதவீதமானது. அதற்குமுன் கிடைத்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 2007ல் ஹீகரின் சாண்டா பார்பரா குழுவினர் மையில் இன்னொரு திரவத்தைச் சிறிதளவு சேர்த்தார்கள். 2.8ஆக இருந்தது 5.5 சதவீதமாயிற்று. குழம்பில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம்போல. சமையலில் கைப்பக்குவம் என்பார்களே, இந்தத் துறை பல ஆண்டு அதை நம்பித்தான் ஓடியது. ஒரே பாலிமரை இரண்டாம் முறை தயாரித்தால் சங்கிலி நீளம் கொஞ்சம் வேறாக வரும், கலத்தின் திறனும் இறங்கிவிடும். இன்றும் தலைவலி அது.

அடுத்த தடை வாங்கும் பொருளில் இருந்தது. நீண்ட காலம் அந்த இடத்தில் 60 கரிம அணுக்களாலான பந்து வடிவ புல்லரீனைத்தான் உட்காரவைத்திருந்தார்கள். எலக்ட்ரானை வாங்குவதில் கெட்டி. ஆனால் ஒளியைச் சரியாக விழுங்காது, நமக்கு வேண்டியபடி மாற்றவும் அதிகம் இடம் தராது. அதைக் கட்டிக்கொண்டு அழுதவரை திறன் 11, 12 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. 2015ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷியாவ்வெய் குழு ஐடிஐசி என்ற தட்டையான மூலக்கூறைக் கொண்டுவந்தது. 2019ல் சாங்ஷா நகரிலுள்ள சென்ட்ரல் சவுத் பல்கலைக்கழகத்தின் ஜோ யிங்பிங் குழு ஒய்6 என்ற மூலக்கூறைத் தந்தது. ஒரே தாவலில் 15.7 சதவீதம். துறையே புரண்டு படுத்தது. இன்று ஆய்வகங்களில் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள்.

“அப்ப நம்ம பேனலுக்குப் பக்கத்துல வந்துருச்சே!”

வந்துவிட்டதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் கடைசிப் படிகள் செங்குத்து. அதில் முதலாவது, வோல்ட் இழப்பு. ஒவ்வொரு பொருளும் ஒளியின் ஒரு துகளை விழுங்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. கலம் தரும் வோல்ட் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கேலியம் ஆர்சனைடு என்ற உயர்தரப் பொருளில் இந்த இழப்பு 0.3 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. ஒய்6 போன்றவற்றில் அரை வோல்ட்டுக்கு மேல். கொண்டுவருவதே ஒரு வோல்ட் சொச்சம், அதில் அரை வோல்ட் வழியிலேயே போனால்?

எங்கே போகிறது என்று தேடியதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. பிரிந்த மின்னூட்டங்களில் சில எப்படியும் மறுபடி சேரும். சேரும்போது ஒளியாக வெளிப்பட்டால் பாதகமில்லை. ஒளியாகாமல் வெறும் சூடாகக் கரைந்தால் வோல்ட் விழும். அதாவது நல்ல சோலார் செல், மின்சாரத்தை எதிர்ப்பக்கமாக விட்டால் நல்ல விளக்காகவும் எரிய வேண்டும். எரியும் திறன் பத்து மடங்கு கூடினால் சுமார் 0.06 வோல்ட் திரும்பக் கிடைக்கும். அண்ணன் தேற வேண்டுமானால் தம்பியின் தொழிலைக் கற்றுக்கொண்டாக வேண்டும்! இன்றைய வேதியியலாளர்கள் தங்கள் புது மூலக்கூறுகள் எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கின்றன என்று அளப்பது இதனால்தான்.

இரண்டாவது, வேகம். சிலிக்கானில் எலக்ட்ரான் நாற்கரச் சாலையில் போகிற பேருந்து. கரிமப் படலத்தில் அது மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவ வேண்டும், ஆற்றில் கல் விட்டுக் கல் தாண்டுவதுபோல. பத்து லட்சம் மடங்கு மந்தம் என்று சொன்னாலும் மிகையில்லை. படலம் 100 நானோமீட்டராக இருக்கும்வரை இந்த மந்தம் பொறுத்துக்கொள்ளக் கூடியது, தூரம் குறைவு. ஆனால் வீடியோவில் ஓடிய சுருள் மெஷினில் 100 நானோமீட்டர் பூச்சை ஓட்டையில்லாமல் மீட்டர் கணக்கில் பூசுவது பெரும்பாடு. ஒரு தூசி விழுந்தாலும் மேலும் கீழும் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். ஷார்ட் என்றதும் சித்தப்பாவுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. தடிமனைக் கூட்டினால் ஓட்டை மறையும், ஆனால் வழியில் மின்னூட்டங்கள் மீண்டும் சேர்ந்துகொள்ளும். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்தியில் வரும் சாதனை எண்கள் பெரும்பாலும் ஓர் உளுத்தம்பருப்பு அளவுக் கலத்தில் எடுத்தவை. அதே பொருளைப் பெரிய தாளில் பூசினால் திறன் இறங்கும். அதோடு, ஆய்வகத்தில் கையாளும் குளோரோபார்மையும் குளோரோபென்சீனையும் தொழிற்சாலையில் பீப்பாய் கணக்கில் ஆவியாக்க எந்த நாட்டிலும் லேசில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. சைலீன் போன்ற குறைவான நச்சுள்ள கரைப்பானுக்கு மாறினால் காயும் விதம் மாறும், கோலமும் மாறும். மறுபடி முதலிலிருந்து கைப்பக்குவம்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது. இரண்டாவது டீ வந்தது. எதிர்வீட்டு மாடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. “அந்தப் புடவையை ஒரு வருஷம் எடுக்காம வெயில்லயே விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“வெளுத்துப் போகும்.”

கரிமக் கலத்துக்கும் அதுதான் கதி. ஒளியை விழுங்கும் சாயம் ஒளியாலேயே சிதையும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒய்6 வகை மூலக்கூறில் நடு உடலையும் இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே, அது வலுவில்லாத மூட்டு. எலக்ட்ரானை வாங்கி அனுப்ப அடியில் பூசுகிற துத்தநாக ஆக்சைடே, புற ஊதா பட்டால் அந்த மூட்டைக் கழற்றிவிடும். இதில் விசித்திரம், டாங் வைத்த நீல நிறமி வெயிலுக்கு அசராதது. ஆனால் அது தந்தது 1 சதவீதம். 20 சதவீதம் தருகிற மூலக்கூறுகள் நோஞ்சான்கள், அதோடு பல கட்டச் சமையலில் கிராம் கணக்கில் கிடைக்கிற விலையுயர்ந்த சரக்கு. திறன், ஆயுள், விலை மூன்றும் ஒரே மூலக்கூறில் இன்னும் கூடிவரவில்லை.

வேதிச் சிதைவு இல்லாவிட்டாலும் கோலம் கலையும். காயும் நொடியில் அவசரமாக உறைந்துபோன அமைப்பு அது, நிலையாக நிற்கக்கூடிய அமைப்பு அல்ல. நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து, இனம் இனத்தோடு சேர்ந்து, கோடுகள் தடித்துப்போகும். இரண்டு மூன்று மூலக்கூறுகளைச் சங்கிலிபோட்டுக் கட்டி நகரவிடாமல் செய்யும் முயற்சி இப்போது மும்முரம். பேனல்களுக்குப் போடும் சோதனைகளில் ஒன்று, 85 டிகிரி சூட்டில் 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது. கண்ணாடிக்குள் அடைத்து மூடினால் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் கண்ணாடி வந்த பிறகு சுருட்டி எடுத்துப் போவது எங்கே?

தம்பிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. போன் திரை கண்ணாடிக்குள் பத்திரமாக, பெரும்பாலும் நிழலில் வாழ்கிறது. நான்கைந்து வருடம் தாங்கினால் போதும், அதற்குள் நாமே வேறு போன் வாங்கிவிடுவோம். கையகலத் திரைக்கு ஆயிரக்கணக்கில் பணமும் கொடுக்கிறோம். அண்ணனிடம் கேட்பது, நடு வெயிலில் 25 வருடம் நில், சதுர மீட்டருக்கு அடிமாட்டு விலையில் வா என்று. படிக்கிறான் என்று கேலி செய்தோமே, பரீட்சை அப்படி.

போட்டியும் சும்மா இருக்கவில்லை. 1954ல் பெல் ஆய்வகத்தில் 6 சதவீதத்தில் தொடங்கிய சிலிக்கான், இன்று நல்ல கலங்களில் 25 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. 2010க்கும் 2020க்கும் நடுவே பேனல் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக விழுந்தது. கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்தது அந்தச் சரிவின் நடுவில்தான். ஹீகரையும் நிறுவனர்களில் ஒருவராகக் கொண்டு 2001ல் அமெரிக்காவில் தொடங்கிய கோனார்கா, சுருள் சோலார் தாளை அச்சடித்தே காட்டியது. 2012ல் திவாலானது. மலிவு என்பதுதான் அண்ணனின் துருப்புச் சீட்டாக இருந்தது, சிலிக்கான் அதைப் பிடுங்கிக்கொண்டது. போதாக்குறைக்குப் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு சோலார் பொருள் பக்கத்து வீட்டுப் பையனாக வந்து சேர்ந்தது. 2009ல் 3.8 சதவீதம், இன்று 26க்கு மேல். அவனிடம் ஈயம் என்ற வில்லங்கம் இருக்கிறது, அது தனிக் கதை.

“அப்ப தேறாத கேஸுன்னு சொல்லு.”

அப்படிச் சொல்லமாட்டேன். அண்ணனை அவனுக்கு ஒத்துவராத வேலைக்கு விண்ணப்பம் போடவைத்ததுதான் தப்பு என்பது என் கட்சி. வீட்டுக்குள் எரியும் எல்இடி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறங்களுக்கு ஏற்றபடி மூலக்கூறைத் தைத்துக்கொள்ளலாம், சிலிக்கானில் அது நடக்காது. அறை விளக்கில் 25 சதவீதத்துக்கு மேல் தருகிற கரிமக் கலங்கள் ஆய்வகங்களில் வந்துவிட்டன. அங்கே வெயிலும் இல்லை, புற ஊதாவும் இல்லை. கதவு சென்சாருக்கும் ரிமோட்டுக்கும் பட்டன் செல் மாற்றுகிற வேலை மிச்சமாகும். ஜப்பானில் 2017ல் தகாவோ சோமேயாவின் குழு, நீரில் துவைத்தாலும் தாங்குகிற, துணியில் ஒட்டக்கூடிய கரிமக் கலத்தைச் செய்துகாட்டியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹீலியாடெக் நிறுவனம், தம்பியின் பாணியில் வெற்றிடத்தில் படியவைத்து, கண்ணாடிப் பலகையின் பாரத்தைத் தாங்காத கூரைகளுக்கென்று ஒட்டும் தாள் செய்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையம், கான்பூர் ஐஐடி போன்ற இடங்களில் நம்மவர்களும் இந்தக் கரிமப் பொருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் தகரத்துக்குக் கீழேயும் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழேயும் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், எடை குறைந்த தாளுக்கு என்ன வேலை என்று புரியும்.

சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார். “கடைசியா ஒரு வார்த்தை. நான் பேனல் போடணுமா, வேண்டாமா?”

“போடுங்க. சிலிக்கான் பேனலே போடுங்க. இந்த வெயில் காலத்துலயே போடுங்க.”

உங்களுக்கும் அதையே சொல்வேன். கான்கிரீட் மாடி இருக்கிறவர்கள் அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வேறொரு வீடியோ வரும், புதிய சோலார் தாள், இத்தனை சதவீதம் என்று. மூன்று கேள்வி கேளுங்கள். அந்தச் சதவீதம் எத்தனை சதுர சென்டிமீட்டரில் கிடைத்தது? வெயிலில் எத்தனை ஆயிரம் மணி நேரம் கழித்து அளந்தார்கள்? எந்தக் கரைப்பானில் கரைத்தார்கள்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருக்கிற செய்தி உங்கள் கண்ணில் பட்டால், அன்று அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.